ஒரே தூரம், பல நேரங்கள்: மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை



சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவரின் பயணச்சீட்டு ஒன்று மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புறப்பாடு இரவு 11:00. சேர்வது காலை 5:50. விரல்விட்டு எண்ணினால் 6 மணி 50 நிமிடம் வருகிறது. அதே சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் பயண நேரம் 4 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டியதும் விமானி ஒலிபெருக்கியில் வந்து, பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிடம் என்கிறார். திரும்பும் சீட்டு இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காலை 8:00 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 9:50. கடிகாரத்தை மட்டும் நம்புகிறவருக்கு அது 1 மணி 50 நிமிடப் பயணம்.

நான்கு கணக்கு. நான்கிலும் பொய் கிடையாது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான்: சுமார் 2,900 கிலோமீட்டர். அந்த ஒரு தூரத்துக்கு இத்தனை நேரங்கள் எங்கிருந்து முளைக்கின்றன, யார் யார் அவற்றை ஆக்குகிறார்கள் என்பதே இந்த மாலையின் பேச்சு.

முதலில் தூரம். அதைத் தேடி வெகுதொலைவு போக வேண்டாம். சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பரங்கிமலையைப் பார்த்திருப்பார்கள். உச்சியில் வெள்ளைத் தேவாலயம், கீழே கட்டடக் காடு. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையைத் தொடங்கியது இந்த மலையடியில்தான். அவருடைய ஆட்கள் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, பெரும்பாக்கம் பக்கமாக நகர்ந்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். அந்த நீட்சிக்கும் கணக்கு வைத்துத் திருத்தினார்கள். ஏறத்தாழ 400 முறை சங்கிலியைப் போட்டு ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர், அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அடித்தளம். ஊர்களுக்கு இடையிலான தூரம் மட்டுமல்ல, பூமி எந்த அளவுக்கு உருண்டை, எங்கே சப்பை என்பதும் அதிலிருந்து தெரியவேண்டியிருந்தது.

அந்த 12 கிலோமீட்டரைச் சிங்கப்பூர் விமானம் உச்ச உயரத்தில் ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது.

பூமி உருண்டை என்பதால் இரு நிலையங்களுக்கு இடையே தூரம் காண அடிப்படையில் ஒரு கோணம் போதும். பூமியின் மையத்தில் ஒருவர் நின்று ஒரு கையை மீனம்பாக்கத்துக்கும் மறு கையைச் சாங்கிக்கும் நீட்டினால் நடுவே விரியும் கோணம் சுமார் 26.3 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பெருக்கினால் 2,920 வருகிறது. விமானிகளும் மாலுமிகளும் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். 26.3-ஐ 60-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 1,580 கடல் மைல். உருண்டை மேல் இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோடு இதுதான்.

இந்தக் கோடு எந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் இழுத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. சென்னைக் கரையை விட்டதும் தென்கிழக்காக வங்காள விரிகுடா. பாதி வழி தாண்டியதும் பெரிய நிக்கோபாரின் தென்கோடி, இந்திரா முனை, கோட்டுக்கு மிக அருகே வருகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது நிலம் 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அடுத்து சுமத்ராவின் வடமுனையான ஆச்சேயின் ஓரத்தை ஒட்டி, கோடு மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. நீரிணையை ஒட்டியே இறங்கிச் சிங்கப்பூரில் முடிகிறது. வானத்தின் குறுக்குவழியும் கப்பல்களின் பழைய வழியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. முதலாம் ராஜேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்ற பெயர்கள் வருகின்றன. நிக்கோபார், சுமத்ராவின் வடமுனை, மலேசியாவின் கெடா. இருக்கைக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் விமானப் படம் ஊர்ந்துபோவதும் இதே இடங்களை ஒட்டித்தான்.

அந்த வழியில் நேரம் என்றால் ஒரு காலத்தில் நாள் கணக்கு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலைத் தஞ்சை, நாகை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறவர்கள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் அந்தக் கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்தது. டெக் பயணிகள் பாயும் தகர டிரங்குப் பெட்டியுமாக ஏறுவார்கள். 1973-இல் ரஜூலா ஓய்ந்தது. பின்னர் அந்தத் தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பலின் கதை முடிந்தது. தூரத்தில் ஒரு முழம்கூடக் குறையவில்லை. ஒரு வாரம் என்பது நான்கு மணி நேரமாகச் சுருங்கியது.

சரி, விமானம் அந்தப் பென்சில் கோட்டின் மேலேயே பறக்கிறதா? இல்லை. வானத்திலும் சாலைகள் உண்டு. அந்தச் சாலைகளில் மைல்கல்போலப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துப் பெயர். மலாக்கா நீரிணையின் வடவாயிலில் உள்ள ஒன்றின் பெயர் 'வாம்பி'. அகராதியில் பொருள் தேடக் கூடாது. வானொலியில் தெளிவாக உச்சரிக்க வந்தால் போதும் என்று இட்ட பெயர்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போவதால் உண்மையில் பறக்கும் தூரம் பென்சில் கோட்டைவிடச் சற்றுக் கூடுதல். கிளம்பும்போது போடும் வளைவும், இறங்கும் முன் வரிசையில் காத்திருந்து போடும் சுற்றும் அதோடு சேரும்.

நடுக்கடலுக்கு மேல் இன்னொரு சிக்கல். கரையிலுள்ள ரேடாரின் கண் அங்கே எட்டாது. எதிரெதிராகவும் முன்பின்னாகவும் போகும் விமானங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் 29,000 அடிக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு நடுவே 2,000 அடி இடைவெளி விட்டார்கள். உயரமானிகள் துல்லியமானபின் அது 1,000 அடியாகக் குறைந்தது. வங்காள விரிகுடாவில் இந்த முறை 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதே வானத்தில் நல்ல உயரங்களின் எண்ணிக்கை கூடியது. உயரே போகப் போகக் காற்று மெலியும் அல்லவா? விமானம் தனக்கேற்ற மெல்லிய காற்றில் பறந்தால் எரிபொருள் மிச்சம். கீழே மாட்டிக்கொண்டால் செலவு.

இனி காற்று. விமானப் பயணம் பற்றிப் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போய்வருகிறவர்களுக்கு அது சரி. அதைச் சென்னை-சிங்கப்பூர் தடத்துக்கு அப்படியே பொருத்தினால் ஆடியில் ஏமாற வேண்டிவரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தரையோடு மேற்கிலிருந்து வீசும். அதே நாட்களில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில், சுமார் 14 முதல் 16 கிலோமீட்டரில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று அதற்குப் பெயர். அதை ஆராய்ந்து 1958-இல் உலகுக்கு எடுத்துச்சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். திபெத் பீடபூமியும் வட இந்தியச் சமவெளியும் கோடையில் சூடேறுகின்றன. அவற்றுக்கு மேலுள்ள காற்று, தெற்கே கடல்மேல் உள்ள காற்றைவிட வெம்மையாகிறது. அந்த வெப்ப வேறுபாடு மேல்வானில் கிழக்குக் காற்றைக் கிளப்புகிறது. பயணிகள் விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். காற்றாற்றின் நடுமையத்துக்குக் கீழேதான் என்றாலும் அதன் ஓரம் விமானத்தின் மேல் படாமல் இருப்பதில்லை.

ஆடி மாதத்து விமானத்தின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே மேலெழும்பும். மேற்குக் காற்று வலுத்திருக்கும்போது மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையில் அது மேற்கு நோக்கி ஓடி எழும்புகிறது. போகவேண்டிய ஊர் முதுகுப்பக்கம். வளைந்து திரும்பிக் கடலைப் பிடித்து, 35,000 அடிக்கு ஏறினால் அங்கே கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கிறது. கீழேயும் எதிர்க்காற்று, மேலேயும் எதிர்க்காற்று.

கணக்கு எளிது. காற்றில்லாத வானில் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 2,900 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரம். மணிக்கு 70 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் அது 3 மணி 49 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 13 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் 36 நிமிட வித்தியாசம். தூரம் அதேதான்.

கிழக்காசியாவில் நிலைமை தலைகீழ், வேகமும் பல மடங்கு. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து ஓடும் ஜெட் காற்று உலகிலேயே வலிமையானவற்றுள் ஒன்று. அதை முதலில் அளந்தவர் ததேனோ வானிலை நிலையத்தின் வசாபுரோ ஓஇஷி. 1920-களில் அவர் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எங்கே அடித்துச்செல்லப்படுகின்றன என்று தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்தார். உலகம் படிக்கட்டும் என்று முடிவுகளை 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியில் படிக்க உலகத்தில் ஆள் இல்லாமல் போனது பரிதாபம். 1944 இறுதியில் டோக்கியோ மீது குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கி இலக்கைத் தவறவிட்டபோதுதான் மற்றவர்களுக்கு அதன் வலிமை உறைத்தது. இன்றும் குளிர்காலத்தில் தைபேயிலிருந்து டோக்கியோ போக மூன்று மணி நேரம் என்றால், அங்கிருந்து திரும்ப ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது.

காற்றை விட்டுவிடுவோம்; விமானத்தையே வேகமாக ஓட்டினால் என்ன? ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைவழி விமானங்கள் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டரில் போகின்றன. ஏ350, 787 போன்ற பெரியவை 900-ஐத் தொடுகின்றன. சென்னை-சிங்கப்பூர் தூரத்தில் இந்த வித்தியாசம் கால் மணி நேரம்தான். இதற்குமேல் அழுத்தினால் விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும். காற்றின் தடை சட்டென்று உயரும், எரிபொருள் தண்ணீராய்ச் செலவாகும். அதனால்தான் 1960-களின் ஜெட் விமானங்களுக்கும் இன்றையவற்றுக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடே இல்லை.

ஆசியா அந்த எல்லையைத் தாண்டிப் பார்த்ததும் உண்டு. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன்-பஹ்ரைன்-சிங்கப்பூர் தடத்தில் கான்கார்டை இறக்கின. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம். எந்தப் பக்கம் நின்று படம் எடுக்கிறோமோ அந்தக் கம்பெனி விமானம். ஒலியைவிட இருமடங்கு வேகம். லண்டனிலிருந்து சிங்கப்பூர் சுமார் 9 மணி நேரத்தில். மூன்று தடவை போய்வந்ததும் நின்றுவிட்டது. மலாக்கா நீரிணைக்கு மேலே ஒலிமிஞ்சிய வேகத்தில் பறந்தால் எழும் இடியோசையை மலேசியா ஏற்கவில்லை. இந்தியாவும் தன் தலைக்கு மேலே அந்த வேகத்துக்கு இடம் தராததால், விமானம் இந்தியாவைச் சுற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1979 ஜனவரியில் சேவை மறுபடி தொடங்கி, 1980-இல் நின்றேபோனது. எஞ்சின் தயார், தூரமும் தெரிந்ததே. கீழே இருந்த அரசுகள் ஒப்பவில்லை.

வானத்துக்கு எல்லை இல்லை என்பது கவிஞர்களுக்கு. ஆகாயம் முழுக்க நாடுகளின் வேலி. பயண நேரத்தை நீட்டுவதிலும் குறுக்குவதிலும் காற்றைவிட இந்த வேலிகளுக்குப் பங்கு அதிகம்.

தைபேயிலிருந்து ஷாங்காய் வானத்தில் 700 கிலோமீட்டருக்கும் குறைவு. வானவழியில் சென்னையிலிருந்து கோவைக்குப் போகிற தூரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 1949-க்குப் பிறகு நெடுங்காலம் இந்த இரண்டு ஊருக்கும் வழக்கமான நேர் விமானம் கிடையாது. தைவான் வியாபாரிகள் தெற்கே ஹாங்காங் அல்லது மக்காவ் போய், அங்கே விமானம் மாறி, மறுபடி வடக்கே ஏறி ஷாங்காய் போவார்கள். ஒரு நாளில் பெரும்பகுதி அதிலேயே கரையும். 2008 ஜூலையில் வாரக்கடைசி நேர் விமானங்கள் வந்தன. அப்போதும் ஹாங்காங் வான்வெளியைத் தொட்டுவிட்டே போக வேண்டும் என்பது ஏற்பாடு. 2008 டிசம்பர் 15-இல் நீரிணையை நேரே கடக்கும் வழி திறந்தது. பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அன்று புதிதாக எந்த எஞ்சினும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மேற்காசியாவில் இதற்கு இணை டெல்லி-டெல் அவீவ் தடம். சுமார் 4,000 கிலோமீட்டர் தூரம். இஸ்ரேலுக்குப் போகும் விமானங்களுக்குச் சவூதி அரேபியா பல பத்தாண்டுகளாகத் தன் வான்வெளியை மூடிவைத்திருந்தது. மும்பையிலிருந்து வந்த இஸ்ரேலிய விமானங்கள் அரேபியாவைச் சுற்றிச் செங்கடல் வழியாகப் போயின. 2018 மார்ச் 22-இல் ஏர் இந்தியாவின் டெல்லி விமானத்துக்குச் சவூதி வழிவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் மிச்சமானது.

மூடினால் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் அண்மையது. 2025 ஏப்ரல் 24-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு அடைத்தது. டெல்லியிலிருந்து கஜகஸ்தானின் அல்மாட்டி, நேர்க்கோட்டில் சுமார் 1,650 கிலோமீட்டர்தான். ஆனால் சுற்றிப் போக வேண்டும் என்றானபின் இண்டிகோவின் சிறிய விமானங்களுக்கு அந்த ஊர் எட்டாத தொலைவாகிவிட்டது. அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. சென்னை-சிங்கப்பூர் தடம் இந்தத் தொல்லைகளுக்குத் தப்பியது. நடுவே கிடப்பது கடல் என்பது அதன் அதிர்ஷ்டம்.

மறுபடி முதலில் பார்த்த பயணச்சீட்டுக்கு வரலாம். 11:00 மணிக்கும் 5:50-க்கும் நடுவே ஒளிந்திருந்த இரண்டரை மணி நேரம் கடிகாரத்தின் வேலை.

சூரியனைக் கேட்டால் அது இவ்வளவு வித்தியாசம் சொல்லாது. மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 24 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 95 நிமிடம். சாங்கியில் உச்சி வெயில் அடித்து ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் கழித்து மீனம்பாக்கத்தில் அடிக்கும், அவ்வளவுதான். மீதி 55 நிமிடம் மனிதர்கள் வைத்துக்கொண்டது.

சென்னையும் ஒரு காலத்தில் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடியது. 1792-இல் எழுந்த வானாய்வு நிலையம் குறித்துக்கொடுத்த சென்னை நேரத்தை இந்திய ரயில்கள் பின்பற்றின. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்தபோது சென்னை தன் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னே தள்ளி ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர் கடிகாரத்தின் வரலாறு இதைவிட அலைச்சல் மிகுந்தது. 1905-இல் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னே. 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் இன்னும் 10 நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்ததும் டோக்கியோ நேரம்; ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் பறிபோனது. 1945-இல் பழைய ஏழரைக்குத் திரும்பினார்கள். தீபகற்ப மலேசியாவையும் சபா, சரவாக்கையும் ஒரே கடிகாரத்தில் கொண்டுவர மலேசியா அரை மணி நேரம் முன்னே நகர்ந்தபோது, சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1982 ஜனவரி 1 முதல் அது எட்டு மணிக் கணக்கில் நிற்கிறது.

சாங்கி விமான நிலையம் 1981 ஜூலை 1-இல் இயங்கத் தொடங்கி அப்போது ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதத்தில் சென்னையிலிருந்து போனவருக்குக் கடிகார வித்தியாசம் இரண்டு மணி நேரம். புத்தாண்டு விடிந்ததும் இரண்டரை. அரை மணி நேரப் பயணம் காகிதத்தில் கூடியது. வானத்தில் ஒரு நொடியும் கூடவில்லை. இன்றும் காலை 5:50-க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு ஆறரைக்கு வெளியே வருகிறவர் இருட்டைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சந்தேகிப்பார். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியையொட்டித்தான் விடிகிறது.

இனி மிச்சமிருப்பது 4 மணி 20 நிமிடத்துக்கும் 3 மணி 50 நிமிடத்துக்கும் நடுவே உள்ள அரை மணி நேரம். விமானத் துறையில் இதற்கு வழங்கும் சொல் 'பிளாக் டைம்'. நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை ஓடுவது பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயிலைத் தேடி ஊர்வது எல்லாம் இதில் அடக்கம். அட்டவணை போடுகிறவர்கள் இதற்கும் மேலே சில நிமிடம் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் சேர்ந்தால் 'சரியான நேரம்' என்பது துறையின் வழக்கம். தாமதமாகக் கிளம்பிய விமானம் சமயத்தில் முன்கூட்டியே வந்து நிற்கும் மாயத்துக்கு இதுதான் காரணம்.

தூரம் குறையக் குறைய இந்தத் தரை நேரம் பூதாகரமாகும். கோலாலம்பூர்-சிங்கப்பூர் உலகின் மிக நெரிசலான சர்வதேசத் தடங்களில் ஒன்று. தூரம் 297 கிலோமீட்டர். வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம். அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடத்தையொட்டி. அதாவது, கட்டை எடுத்து கட்டை வைக்கும் வரை பார்த்தால் விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். நல்ல ரயில் இதைத் தாண்டும். இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக ரயில் திட்டத்துக்கு 2016-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டதும் அதனால்தான். 2020 இறுதியில் அந்த ஒப்பந்தம் காலாவதியானது. விமானங்களும் பேருந்துகளும் அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து சுமக்கின்றன.

கடைசியாக ஒரு சிறு கணக்கு. திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. வரைபடத்தை நினைத்துப் பார்த்தால் திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டே இருப்பதுபோலத் தோன்றும். கோணத்தைக் கணக்கிட்டால் 26.8 பாகை, 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கூடுதல். தெற்கே இறங்கியதில் கிடைத்த லாபத்தை மேற்கே விலகியது விழுங்கிவிடுகிறது. ஓடுபாதையும் 2,480 மீட்டர்தான். பெரிய விமானங்களுக்கு அந்த நீளம் குறைவு, பெரும்பாலும் ஒற்றை நடைவழி விமானங்களே வந்துபோகின்றன. தூரம், வேகம் இரண்டிலும் திருச்சி சற்றுப் பின்தங்கியதே.

ஆனால் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூரின் சிராங்கூனில் மகள் வீட்டுக்குப் போகும் அம்மா கோணம் பார்ப்பதில்லை. சென்னை வழியென்றால் அவருக்கு ரயிலில் ஓர் இரவு, எழும்பூரில் இறங்கி மீனம்பாக்கம் வரை ஓர் அலைச்சல், உறவினர் வீட்டில் ஒரு பகல், அதன்பின் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் வரிசை. திருச்சி வழியென்றால் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவி, வாடகை வண்டியில் சுமார் 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலைய வாசல். 2024 ஜனவரியில் திறந்த புது முனையத்தில், ஊறுகாய் பாட்டிலைப் பெட்டிக்குள் வைப்பதா கைப்பையில் வைப்பதா என்ற பழைய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. வானத்தில் 60 கிலோமீட்டர் கூடுதலாகப் போகும் அந்த நாலைந்து நிமிடம் அவர் கணக்கில் ஏறுவதே இல்லை. சாங்கியில் இறங்கி, நான்கு மொழிப் பலகையில் தமிழைத் தேடிப் படித்து வெளியே வரும்போது, கைபேசி தானாகவே இரண்டரை மணி நேரம் முன்னே போயிருக்கும். அவர் கையிலிருக்கும் பழைய டைட்டன் கடிகாரம் மட்டும் தஞ்சாவூர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.